வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்



நம் வீடுகளில் ஓடுகின்ற மின்சாரத்தைக் கண்ணால் காண இயலாது. காதால் கேட்கவும் இயலாது. ஆயினும் அதைப் பற்றி இரண்டு எண்களை அறிந்துகொண்டால், வேறு பல செய்திகளை அவற்றிலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். ஒன்று, அழுத்தம் எத்தனை வோல்ட் என்பது. மற்றொன்று, ஓட்டம் எத்தனை ஆம்பியர் என்பது. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அறிந்த வகுத்தலும் பெருக்கலுமே இதற்குப் போதும். எனினும், இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பாராத காரணத்தால் தீப்பற்றிய வீடுகள் உண்டு. போன உயிர்களும் உண்டு. ஆகவே இது தேர்வோடு முடிந்துபோகும் பாடமன்று.

வானொலியில் கரும்பலகை கிடையாது. நீங்கள்தாம் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு, நான் சொல்லும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, வயல் தாழ்ந்திருக்கிறது. இந்த உயர வேறுபாடே நீரைத் தள்ளுகிறது. மின்சாரத்தில் இதற்கு ஒப்பானது மின்னழுத்தம். இதன் அலகு வோல்ட். மதகைத் திறந்ததும் வாய்க்காலில் ஒரு நொடிக்கு எவ்வளவு நீர் செல்கிறதோ, அதற்கு ஒப்பானது மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். வாய்க்காலில் மண்டிய கோரையும், படிந்த சேறும், அதன் குறுகலும் நீரைத் தடுக்கின்றன அல்லவா? அதற்கு ஒப்பானது மின்தடை. இதன் அலகு ஓம். வாய்க்காலின் முனையில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது எவ்வளவு வேகமாக வேலை செய்யும்? நீர் விழும் உயரத்தையும் நீரின் அளவையும் சேர்த்தே அதைச் சொல்ல முடியும். அவ்வாறு வேலை நடைபெறும் வேகமே மின்திறன். இதன் அலகு வாட்.

அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன் வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதன் காரணம் அலகுகளிலேயே இருக்கிறது. மின்னேற்றத்தைக் கூலும் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு வோல்ட் என்பது, ஒவ்வொரு கூலும் மின்னேற்றமும் ஒரு ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது என்று பொருள்படும். ஓர் ஆம்பியர் என்பது, ஒவ்வொரு நொடியும் ஒரு கூலும் கடந்து செல்கிறது என்று பொருள்படும். ஆகவே இரண்டையும் பெருக்கினால், ஒவ்வொரு நொடியும் எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகிறது என்பது தெரிந்துவிடும். நொடிக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு வாட்.

இனி, வகுத்தலின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜெர்மனி நாட்டில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789-ஆம் ஆண்டில் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். அவருடைய தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமே முயன்று கற்றவர். தம் மக்களுக்குத் தாமே கணிதம் புகட்டியவர். மகன் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரானார். பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய நேரத்தில், தந்தையிடம் பழகிய கைத்திறனைக் கொண்டு தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்து பார்ப்பது அவருடைய நோக்கம். ஆனால் அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமல், அளந்துகொண்டிருக்கும்போதே தளர்ந்துபோகும். அளவுகோல் சுருங்கிக்கொண்டே இருந்தால் துணியை எவ்வாறு அளப்பது? 1821-ஆம் ஆண்டில் சீபெக் என்பவர், இரு வேறு உலோகங்களின் சந்திகளில் ஒன்றைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் தோன்றும் என்று கண்டிருந்தார். ஓம் அதைப் பயன்படுத்திக்கொண்டார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் வெப்பமும் மாறா. ஆகவே அழுத்தமும் மாறவில்லை. அதன் பிறகே அவருடைய எண்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. 1827-ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை ஒரு நூலாக வெளியிட்டார்.

அந்நூலுக்கு அவருடைய நாட்டில் உரிய வரவேற்புக் கிடைக்கவில்லை. அவர் கொலோன் பள்ளி வேலையை விட்டு விலகினார். ஆண்டுகள் சில நிலையான பதவியின்றிக் கழிந்தன. 1841-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. மூனிக் நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852-ஆம் ஆண்டில்தான் அவரை அடைந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் காலமானார். இன்று தடையின் அலகு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓம் கண்டது யாது? வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது, ஓர் உலோகக் கம்பியில் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் ஓட்டமும் இரு மடங்காகும். அதாவது அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து வரும் எண் மாறாமல் நிற்கும். அந்த எண்ணே அக்கம்பியின் தடை. வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது என்னும் தொடரை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அதற்குப் பின்னர் வருவோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 230 வோல்ட்டில் வேலை செய்யும் இஸ்திரிப் பெட்டி ஒன்று 4.35 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. பெருக்குங்கள், ஏறத்தாழ 1000 வாட் வருகிறது. வகுங்கள், ஏறத்தாழ 53 ஓம் வருகிறது. பெட்டியின் மீது 1000 வாட் என்று மட்டும் எழுதியிருந்தாலும் குறையில்லை. அதை 230 ஆல் வகுத்தால் ஓட்டம் கிடைத்துவிடும். அதன் பின் தடையையும் கண்டுகொள்ளலாம். நான்கு அளவுகளுள் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டும் நம் கைக்கு வந்துவிடுகின்றன.

சில ஊர்களில் மாலை வேளையில் அழுத்தம் குறைந்துவிடுவதுண்டு. 230 வோல்ட் 180 வோல்ட்டாக இறங்கியது என்று கொள்வோம். இஸ்திரிப் பெட்டியின் தடை அதே 53 ஓம் என்றால், ஓட்டம் 3.4 ஆம்பியராகக் குறையும். 180-ஐ 3.4 ஆல் பெருக்கினால் 612 வாட். அழுத்தம் நூற்றுக்கு 22 பங்குதான் குறைந்தது. திறனோ நூற்றுக்கு 39 பங்கு குறைந்துவிட்டது. காரணம் யாதெனில், அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைகிறது. இரண்டு குறைவுகளும் பெருக்கலில் சேர்ந்துகொள்கின்றன. தடை மாறாதிருந்தால் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று புத்தகம் கூறுவதன் பொருள் இதுவே.

ஓட்டத்தின் வர்க்கத்தைக் கொண்டும் இதே திறனைச் சொல்லலாம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்னும் இளைஞர், கம்பிச் சுருளை நீருக்குள் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியால் அளந்தார். 1840-ஆம் ஆண்டில் அவர் கண்ட முடிவு இது: தோன்றும் வெப்பம் தடைக்கும், ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமைகிறது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஓட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு.

வீடு தீப்பற்றுவதன் காரணம் இவ்விதியில் இருக்கிறது. நம் வீடுகளில் சிறிய பிளக்குக்கு உரிய அளவு 6 ஆம்பியர். பெரிய பிளக்குக்கு உரிய அளவு 16 ஆம்பியர். 6-ஐ 230 ஆல் பெருக்கினால் 1380 வாட். சிறிய பிளக் தாங்கக்கூடிய எல்லை அவ்வளவே. அதில் பல துளைகள் உள்ள ஒரு பலகையைச் செருகி, ஒரு துளையில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் மற்றொன்றில் 1500 வாட் மின்கெண்டியையும் இணைத்தால் மொத்தம் 2500 வாட். ஓட்டம் ஏறத்தாழ 11 ஆம்பியர். இது எல்லையைப்போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கம்பியில் தோன்றும் வெப்பம் மும்மடங்குக்கும் மேல். பலகையில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்பது கேள்வியன்று; அதற்குப் பின்னால் உள்ள கம்பி எத்தனை ஆம்பியரைத் தாங்கும் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பிளக்கில் திருகாணி தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே இழக்கப்படும் அழுத்தம் 5 வோல்ட் மட்டுமே. கருவியின் வேலையில் யாதொரு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 5-ஐ 10 ஆல் பெருக்கினால் 50 வாட். ஈயம் பற்றவைக்கும் கோல் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். அதைப்போல இரு மடங்கு வெப்பம் ஒரு திருகாணியின் முனையில், மரப்பலகைக்கோ பிளாஸ்டிக் பெட்டிக்கோ உள்ளே, மணிக்கணக்கில் இருந்துகொண்டிருக்கும். பிளக் சுடுகிறது, கருகிய நாற்றம் வருகிறது என்றால் உடனே அதை நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஓட்டம் எல்லைக்குள்ளேயே இருப்பதால் பியூஸ் போகாது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. பியூஸ் போனால் அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமோ இன்னும் கேடானது. முதலில் உருகவேண்டியது பியூஸ் கம்பி. அதை உருகாமல் செய்துவிட்டால் சுவருக்குள் ஓடும் கம்பியே பியூஸாக மாறுகிறது.

நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஊன்றிப் படிக்கும் மாணவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். "ஐயா, வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால், உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பும்போது கம்பியில் இழப்பு மிகுதியாக அல்லவா இருக்க வேண்டும்? குறைகிறது என்கிறீர்களே!" நல்ல கேள்வி. விடையைக் கணக்கே சொல்லட்டும்.

மொத்தம் 1 ஓம் தடையுள்ள கம்பியின் வழியாக 10,000 வாட் திறனை அனுப்புகிறோம். 230 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 43.5 ஆம்பியர். அதன் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், கம்பியில் வீணாகும் திறன் ஏறத்தாழ 1890 வாட். ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. 11,000 வோல்ட்டில் அனுப்பினாலோ, ஓட்டம் 0.91 ஆம்பியர், வீணாகும் திறன் ஒரு வாட்டுக்கும் குறைவு. மாணவரின் ஐயத்துக்கு விடை இதுதான்: அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும்போது, எந்தத் தடையின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள அழுத்தமோ அதைத்தான் எடுக்க வேண்டும். 11,000 வோல்ட் என்பது கம்பியின் தொடக்க முனைக்கும் இறுதி முனைக்கும் இடையே உள்ள வேறுபாடன்று. கம்பியின் நெடுகிலும் இழக்கப்படுவது 0.91 வோல்ட் மட்டுமே. எந்த அழுத்தம், எந்த ஓட்டம், எந்தப் பகுதிக்கு உரியது என்று முதலில் கேட்டுக்கொண்டால் இக்கணக்கில் பிழை நேராது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. சத்தீசுகர் மாநிலத்து ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் ஒரு கம்பித்தொகுதி நிலத்தைவிட 8 லட்சம் வோல்ட் மேலும், மற்றொன்று 8 லட்சம் வோல்ட் கீழும் நிற்கின்றன. இடையே உள்ள அழுத்தம் 16 லட்சம் வோல்ட். அப்பாதையின் முழுத்திறன் 6000 மெகாவாட். அதாவது 600 கோடி வாட். வகுத்துப் பாருங்கள், ஓட்டம் 3750 ஆம்பியர். இதே திறனை 230 வோல்ட்டில் கொண்டுவர முயன்றால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் தேவைப்படும். அதைத் தாங்கும் கம்பியை உலகில் எவரும் அமைக்கமாட்டார்.

முன்னே அடிக்கோடிட்ட தொடருக்கு இப்போது திரும்புவோம். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது எடுத்துக்கொள்ளும் ஓட்டம் 0.26 ஆம்பியர். வகுத்தால் தடை 880 ஓம் அளவில் வருகிறது. அந்தப் பல்பைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் அளந்தால் 70 ஓம் அளவிலேயே இருக்கும். கணக்குப் பொய்த்ததா? இல்லை. எரியும் டங்ஸ்டன் இழை 2000 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியிருக்கிறது. உலோகம் சூடேறினால் தடை உயரும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துத் தடை காண்பது எக்காலத்தும் செல்லும். ஆனால் அத்தடை மாறாமல் நிற்கும் என்பது எல்லாவிடத்தும் செல்லாது. எல்.இ.டி. விளக்கும் இவ்விதிக்கு அடங்காத பொருளே. அதில் அழுத்தத்தைச் சிறிது உயர்த்தினாலும் ஓட்டம் பன்மடங்கு பெருகிவிடும். அதனாலேயே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்று ஒன்றை விளக்குக்குள் வைத்திருக்கிறார்கள்.

மின்விசிறி, நீர் இறைக்கும் மோட்டார் முதலிய கருவிகளில் இன்னொரு வேறுபாடு உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகின்ற மாறுமின்னோட்டம். மோட்டாரின் கம்பிச்சுருளில் ஓட்டம் அழுத்தத்தோடு ஒருங்கே நடவாமல் சற்றுப் பின்தங்கி வருகிறது. ஆகவே பெருக்கிய தொகையைத் திறன் காரணி என்னும் ஓர் எண்ணாலும் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 என்றால், அது வாங்கும் திறன் 920 வாட் அன்று. 736 வாட்டே ஆகும். இத்தகைய கருவியில் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து வருவதும் தனித் தடையன்று. சுருளின் காந்த விளைவும் அதில் கலந்திருக்கிறது.

இறுதியாக, உயிரைக் காக்கும் கணக்கு ஒன்று. குறைந்த அழுத்தத்தில் அளந்தால் உலர்ந்த மனிதத் தோல் பல்லாயிரம் ஓம் தடையைக் காட்டும். அதை நம்பிவிடக் கூடாது. 230 வோல்ட் தாக்கும்போது தோலின் காப்புச் சிதைந்து, உடலின் தடை 1000, 2000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஈரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 230-ஐ 1000 ஆல் வகுங்கள், 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டாலே தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகக்கூடும். சில பத்து மில்லி ஆம்பியர் மார்பின் வழியாகத் தொடர்ந்து சென்றால் இதயத் துடிப்புச் சீர்குலைந்துவிடும். பெருக்கிப் பாருங்கள், அந்த உடலில் செலவாகும் திறன் 53 வாட் மட்டுமே. ஒரு குண்டு பல்புக்குப் போதாத திறன் ஒரு மனித உயிருக்குப் போதுமானதாகிவிடுகிறது.

இங்கே 5 ஆம்பியர் பியூஸ் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. பியூஸ் கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டது, மனிதனைக் காப்பதற்கன்று. மனிதனைக் காப்பதற்கு எர்த் இணைப்பும், ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுகாப்புக் கருவியும் வேண்டும். சென்ற ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபட்டாலே அக்கருவி நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று பெற்றோரைக் கேளுங்கள். இருந்தால், அதன் மீதுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பயிரைக் காப்பதாக எண்ணி வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, எதற்காகக் கொலைக்கு ஒப்பானது என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கம்பி எதையும் தொடாமல் நீங்கள் செய்யத்தக்க ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் மின்னணு மீட்டர் இருந்தால், ஒரு சிறு சிவப்பு விளக்கு துடிப்பதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அருகில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் திறன் ஒரு மணி நேரத்தில் செலவிடும் ஆற்றல். 3200 துடிப்பு என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் 16 துடிப்பை எண்ணினால், ஒரு மணிக்கு 960 துடிப்பு. 3200 ஆல் வகுத்தால் 0.3 யூனிட். ஆகவே வீடு அப்போது எடுத்துக்கொள்ளும் திறன் 300 வாட். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். 60 வாட் குண்டு பல்பு 10 மணி நேரத்தில் 0.6 யூனிட்டைச் செலவிடும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 0.09 யூனிட் போதும்.

இன்றே உங்கள் வீட்டுக் கருவிகளின் அடியில் எழுதியுள்ள வாட் அளவுகளை ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றையும் 230 ஆல் வகுத்து, எந்தெந்தக் கருவி எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பிளக்கிலாவது கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டியிருந்தால், அந்தத் தாளை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.